ஐந்து சேனல் கச்சேரி
வாசகர் கேள்வி – பதில்: பழைய வீடியோ கேம் இசை

சின்ன வயதில் டிவியில் மாட்டி ஆடிய கேமின் பாட்டை இப்போது யூடியூபில் கேட்டால் வேகமாக ஓடுகிறது, குரலும் வேறு மாதிரி இருக்கிறது. என் ஞாபகம்தான் பிசகிவிட்டதா?
– மதுரை வாசகர்

ஞாபகம் பிசகவில்லை. அன்று நீங்கள் கேட்டதே வேறு.

முதலில் வேகம். நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டி, திரையை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் டிவிக்காகச் செய்யப்பட்டது. படம் ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது இசை நிரலும் ஒருமுறை ஓடும். தாளக் கணக்கு முழுக்க அந்த அடியை நம்பித்தான். நம் ஊர் டிவியோ பால் (PAL) முறை, வினாடிக்கு 50. அதற்கேற்ப ஓடிய ஃபேமிகாம் நகல் பெட்டிகளில், ஜப்பானில் 1 நிமிடத்தில் முடியும் பாட்டு 1 நிமிடம் 12 வினாடி எடுக்கும். ஆனால் சுருதி இறங்காது. அந்த வகை நகல்களில் ஒலியை உண்டாக்கும் சிப்பின் கடிகாரம் சுமார் 1.77 மெகாஹெர்ட்ஸ், அசலில் 1.79. பேட்டரி தீர்ந்த டேப் ரிக்கார்டரில் பாட்டு இழுபட்டுச் சுருதியும் சரியுமே, அப்படி அல்ல. பாடகர் அதே சுருதியில் வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டது போல இருக்கும்.

அடுத்தது குரல், அதாவது ஒலியின் தன்மை. அசல் சிப்பின் சதுர அலைக்கு 12.5, 25, 50, 75 சதவீதம் என நான்கு வடிவங்கள். ஒரு சுற்றில் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதுதான் அந்தச் சதவீதம். 12.5 மெலிந்து மூக்கால் பாடும். 25 கூர்மையானது. 50 குழாய்க்குள் ஊதுவது போல உருண்டு வரும். பல நகல் சிப்புகளில் 25-ம் 50-ம் இடம் மாறிவிட்டன. இசையமைப்பாளர் கூர்மையாகக் கேட்ட இடத்தில் உருண்ட குரலும், உருண்டையாகக் கேட்ட இடத்தில் கூர்மையும் வந்தன.

பழைய குரலே வேண்டுமென்றால் பழைய பெட்டியைக் கணினியில் அப்படியே நடித்துக் காட்டும் மெசென் என்ற எமுலேட்டரில் வட்டாரத்தை 'டென்டி' (ஒரு நகல் பெட்டியின் பெயர்) என்று வையுங்கள். ஆடியோ அமைப்பில் சதுர அலைகளின் டியூட்டியை (மேலே சொன்ன சதவீதத்தை) இடம் மாற்றும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதையும் இயக்குங்கள். உங்கள் வீட்டு டிவியின் பாட்டு ஏறக்குறைய அப்படியே திரும்பி வரும்.

ஃபேமிகாமில் ஐந்தே ஒலிச் சேனல் என்கிறார்கள். ஆனால் கேட்கும்போது ஒரு குழுவே வாசிப்பது போல நிறைந்து இருக்கிறதே, எப்படி?
– திருச்சி வாசகர்

இந்தக் கேள்விக்கு ஆசையாகவே பதில் எழுதலாம். இந்த இசையின் அழகு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவுசெய்த ஒலித்துணுக்கை வாசிக்கும் ஒரு சாம்பிள். இவைதான் அந்த ஐந்து. சதுர அலைக்கும் இரைச்சலுக்கும் ஒலியளவு 16 படிகளில் கிடைக்கும். முக்கோண அலைக்கு ஒலியளவுக் கட்டுப்பாடே கிடையாது. ஒலிக்கும், இல்லாவிட்டால் நிற்கும், அவ்வளவுதான். அதனால்தான் பெரும்பாலான பாட்டுகளில் அது பேஸ் (தாழ்ந்த அடிக்குரல்) வாசிக்கிறது. மங்கி மறைய வேண்டிய அவசியம் பேஸுக்குக் குறைவு. 'முக்கோணம்' என்று பெயர் இருந்தாலும் அந்த அலை நேர்கோடாக ஏறி இறங்குவதில்லை. ஒரு சுற்றுக்கு 32 படிகளாக, மாடிப்படி ஏறி இறங்குவது போலப் போகும். தாழ்ந்த ஸ்வரங்களில் லேசாக ஒரு கரகரப்பு கேட்கிறதே, அந்தப் படிகளின் சத்தம்தான் அது.

நிறைவு வரும் வழிகளில் முதலாவது, ஒரே சேனலில் மூன்று ஸ்வரங்களை ஓட விடுவது. ஸ, அந்தர காந்தாரம், ப என்று ஒவ்வொன்றையும் 1/60 வினாடி வீதம் மாற்றி மாற்றிச் சுழற்றினால், காது மூன்றையும் சேர்ந்தொலிக்கும் ஒரு ஸ்வரக் கூட்டாகவே எடுத்துக்கொள்ளும், கூடவே ஒரு மினுமினுப்பும் இருக்கும். நிரலில் இதை, ஸ-விலிருந்து எத்தனை அரை ஸ்வரம் தள்ளி என்ற கணக்கில், 0-4-7 என்று எழுதுவார்கள். 0-3-7 என்றால் சாதாரண காந்தாரம், உடனே சோகம் வந்துவிடும். கமோடோர் 64 கணினியின் சிட் சிப்பில் மூன்றே குரல்கள் என்பதால், ஐரோப்பாவில் ராப் ஹப்பார்ட் போன்றவர்கள் இந்த வித்தையை ஒரு பாணியாகவே வளர்த்தார்கள்.

இரண்டாவது, எதிரொலி. முதல் சதுர அலையில் போகும் மெட்டையே இரண்டாவது சதுர அலை சற்றுத் தாமதமாகவும் குறைந்த ஒலியிலும் திரும்பப் பாடும். சிப்பில் எதிரொலிக் கருவி எதுவும் இல்லை. ஆனாலும் பெரிய மண்டபத்தில் நிற்பது போல ஒரு உணர்வு வரும்.

மூன்றாவதை நேரில் கேட்டுத்தான் நம்ப முடியும். முக்கோண அலையை மூன்று நான்கு ஃபிரேமுக்குள் (ஒரு ஃபிரேம் 1/60 வினாடி) உயரத்திலிருந்து கீழே சறுக்கவிட்டு, அதே கணத்தில் இரைச்சலையும் ஒரு தட்டு தட்டினால், கனமான தோல் வாத்தியம் போல 'தும்' என்று விழும். அந்த நான்கு ஃபிரேமுக்குப் பேஸ் இல்லை. காதுக்கு அது குறையாகவே தெரிவதில்லை.

மரியோ குதிக்கும்போதெல்லாம் பாட்டில் ஏதோ ஒன்று காணாமல் போகிறதே?
– கோவை வாசகர்

நல்ல காது உங்களுக்கு. பாட்டுக்கும் சத்தங்களுக்கும் அதே ஐந்து சேனல்கள்தான். கோஜி கோண்டோ இசையமைத்த 1985-ன் சூப்பர் மரியோ பிரதர்ஸில், குதிக்கும் சத்தம் ஒரு சதுர அலையையும் காசெடுக்கும் சத்தம் இன்னொரு சதுர அலையையும் கொஞ்ச நேரம் பிடுங்கிக்கொள்ளும். அந்த வேளையில் அங்கே ஓடிய இசைக் குரல் மௌனம். சத்தம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து அல்ல, பாட்டு போய்ச் சேர்ந்த இடத்தில் வந்து கலந்துகொள்ளும். தாளம் தப்பாததற்கு அதுதான் காரணம்.

அந்தக் காசுச் சத்தத்தைக் கவனியுங்கள். இரண்டே ஸ்வரங்கள். முதலாவது தொட்டதும் விட்டுவிடும். அதை ஸ என்று வைத்துக்கொண்டால், அடுத்தது சுத்த மத்யமத்தில் நின்று மெல்ல மங்கும். கேசட்டின் மொத்தக் கொள்ளளவே 40 கேபி. படம், நிரல், இசை, சத்தம் எல்லாம் அதற்குள். இந்தச் சிக்கனத்தில் பிறந்த இரண்டு ஸ்வரங்கள் நாற்பது வருடம் கழித்தும் காதில் நிற்கின்றன என்றால், அது பெரிய இசையமைப்புதான்.

இதையெல்லாம் உண்மையான இசை என்று உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறதா?
– சேலம் வாசகர்

ஏற்றுக்கொண்டது. டிராகன் குவெஸ்ட் கேமின் இசையை 1987-லேயே டோக்கியோவின் சன்டோரி அரங்கில் மேடையேற்றினார்கள். சிவிலைசேஷன் 4 கேமுக்காக கிறிஸ்டோபர் டின் இசையமைத்த 'பாபா யெத்து' 2011-ல் கிராமி வாங்கியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் மரியோ மெட்டு 2023-ல் சேர்ந்தது.

சூப்பர் நின்டெண்டோ பாட்டுகளில் எல்லாம் ஒரு குகைக்குள் வாசிப்பது போன்ற மென்மை இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?
– யாழ்ப்பாணம் வாசகர்

1990-ல் வந்த அந்தப் பெட்டியில் ஒலிக்கான சிப்பை சோனி செய்து கொடுத்தது. எட்டுக் குரல்கள், எட்டும் சாம்பிள். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நினைவகம் 64 கேபிதான். 16 ஒலி அளவீடுகளை 9 பைட்டுக்குள் சுருக்கி வைப்பார்கள். வினாடிக்கு 32,000 அளவீடு என்ற முழுத் தரத்தில் வைத்தால் ஒரு வினாடிக்கே 18,000 பைட் போய்விடும். அதனால் வயலினின் ஒரு துணுக்கு, புல்லாங்குழலின் ஒரு மூச்சு என்று தரத்தைக் குறைத்து வெட்டிவைத்து, அதையே சுழற்றி வாசிப்பார்கள். குறைந்த தரச் சாம்பிளை உயர்த்தி வாசிக்கும்போது, சிப் இடைவெளிகளை வழவழப்பாக நிரப்பும். அதில் மேல் அதிர்வெண்கள் மழுங்கும். நீங்கள் சொல்லும் மென்மை அதுதான்.

குகை என்பது நிஜ எதிரொலி. சிப்பிலேயே எதிரொலிக் கருவி இருக்கிறது, ஆனால் இலவசம் இல்லை. ஒவ்வொரு 16 மில்லி வினாடித் தாமதத்துக்கும் அதே 64 கேபியிலிருந்து 2 கேபி போகும். உச்சமான 240 மில்லி வினாடி வேண்டுமென்றால் 30 கேபி, கிட்டத்தட்ட பாதி! ஆழமான குகை வேண்டுமா, இன்னொரு வாத்தியம் வேண்டுமா என்று ஒவ்வொரு பாட்டுக்கும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1994-ன் டாங்கி காங் கன்ட்ரியில் நீருக்கடியில் வரும் பாட்டைக் கேளுங்கள். டேவிட் வைஸ் சின்னச் சின்ன அலைத்துணுக்குகளை வரிசையாகக் கோத்து, ஒன்றிலிருந்து ஒன்றாக உருமாறும் ஒலியை உண்டாக்கியிருப்பார். சூப்பர் நின்டெண்டோ இசையை வைத்திருக்கும் எஸ்பிசி கோப்புகளை இயக்கும் செயலியில் எட்டுச் சேனல்களையும் ஒவ்வொன்றாக அணைத்துக் கேட்டால் அந்த வேலைப்பாடு தெரியும்.

இந்த மாதிரி ஒரு பாட்டை நானே செய்து பார்க்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது, எங்கே தப்பும்?
– ஈரோடு வாசகர்

ஐந்து சேனல் பாட்டுக்கு ஃபேமிஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும்.

வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கணக்கு ஃபிரேமில் என்பதால் எல்லா வேகமும் சமமாகப் பிரியாது. நிமிடத்துக்கு 150 தாள அடி என்றால் ஓர் அடிக்கு 24 ஃபிரேம், கால் அடிக்கு 6. 180 என்றால் கால் அடிக்கு 5. இவை சுத்தமானவை. 130 கேட்டால் மிச்சம் வந்து இடிக்கும்.

முதல் சதுர அலையில் மெட்டு. வடிவம் 25 சதவீதம், ஒலியளவு 15, 13, 11, 9 என்று இறங்கி 8-ல் நிற்கட்டும். மெட்டை அப்படியே இரண்டாவது சதுர அலைக்கு நகலெடுத்து, 12 ஃபிரேம் தள்ளி, உச்ச அளவை 5 ஆக்குங்கள். முக்கோணத்தில் பேஸ். ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பின்னும் ஒன்றிரண்டு ஃபிரேம் நிறுத்தம் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பேஸ் மொத்தமும் ஒரே ரீங்காரமாகிவிடும். இரைச்சலில் டிரம் சத்தங்கள்: ஹை-ஹாட்டுக்கு 2 ஃபிரேம், ஸ்னேருக்கு 8 ஃபிரேம்.

தப்பும் இடங்கள் மூன்று. உச்ச ஸ்தாயியில் சுருதி பிசகும். சிப் தன் கடிகாரத்தை முழு எண்ணால் வகுத்துத்தான் ஸ்வரத்தை உண்டாக்குகிறது. ஏழாவது ஆக்டேவின் (ஸ்தாயியின்) சி ஸ்வரத்துக்கு 2,093 ஹெர்ட்ஸ் வேண்டும். சதுர அலையால் தர முடிந்ததோ ஒருபுறம் 2,071, மறுபுறம் 2,111. நடுவில் எதுவும் இல்லை. மெட்டை ஒரு ஆக்டேவ் இறக்கிவிடுவதுதான் வழி.

அடுத்தது, 440 ஹெர்ட்ஸ் ஏ ஸ்வரத்தில் அசைவு (வைப்ராட்டோ) கொடுத்தால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். ஸ்வரத்தின் எண் இரண்டு பைட்டுகளில் இருக்கிறது. அங்கே அது 253. அசைவில் 256-ஐத் தாண்டும்போதெல்லாம் மேல் பைட்டை எழுத வேண்டிவரும், எழுதினாலே அலை முதலிலிருந்து தொடங்கும். மென்பொருளில் ஸ்மூத் வைப்ராட்டோ என்ற உத்தியை இயக்கினால் தீரும்.

மூன்றாவது சாம்பிள் சேனல். ஒரு சாம்பிளுக்கு அதிகபட்சம் 4,081 பைட், உச்சத் தரத்தில் ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவு. அதன் அலை உயரத்தில் போய் நின்றுவிட்டால், முக்கோணமும் இரைச்சலும் அமுங்கிக் கேட்கும். பேஸ் திடீரென்று மெலிந்தால் முதலில் சாம்பிளின் முடிவைச் சரிபாருங்கள், அது தாழ்ந்த நிலையில் முடிய வேண்டும்.

நான் செய்யும் மொபைல் கேமில் பாட்டு திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு விக்கல். என்ன செய்தாலும் போகவில்லை.
– சென்னை வாசகர்

எம்பி3 கோப்பாக இருந்தால் அதுதான் காரணம். அந்த முறை ஒலியை 1,152 அளவீடுகள் கொண்ட துண்டுகளாகச் சுருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும். ஓஜிஜி கோப்புக்கு மாறுங்கள். அதையும் எம்பி3-யிலிருந்து மாற்றாமல், அசல் வேவ் கோப்பிலிருந்து செய்யுங்கள்.

பிறகு நீளத்தைக் கணக்கிட்டு வெட்டுங்கள், கண்ணால் பார்த்து அல்ல. நிமிடத்துக்கு 120 அடி, நான்கடித் தாளம், 16 ஆவர்த்தனம் என்றால் சரியாக 32 வினாடி. 48,000 தரத்தில் 15,36,000 அளவீடுகள். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

அதன் பிறகும் வெட்டுப்பட்டது போலக் கேட்டால், கடைசி ஸ்வரத்தின் ரீவெர்ப் வால், அதாவது அது நின்ற பின்னும் நீளும் முழக்கம், அறுபட்டிருக்கிறது. பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்து ஏற்றுமதி செய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் அதன் தொடக்கத்தில் கலந்திருக்கும். முதல் முறை ஒலிக்கும்போதும் அந்த வால் கேட்கும் என்பது ஒன்றே குறை. அது உறுத்தினால் முதல் சுற்றைத் தனிக் கோப்பாக வைத்து, அது முடிந்ததும் இதைத் தொடங்குங்கள்.

கேட்டுப் பழக ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள்.
– பாண்டிச்சேரி வாசகர்

காசில்வேனியா 3 என்ற கேம். ஜப்பானில் 1989-ல் வந்த கேசட்டுக்குள்ளேயே அதன் தயாரிப்பாளரான கொனாமி கூடுதல் ஒலிச் சிப் வைத்தது, மேலும் இரண்டு சதுர அலையும் ஒரு ரம்பப்பல் அலையும். அமெரிக்கப் பெட்டியின் கேசட் இணைப்பில் அந்த ஒலி உள்ளே வர வழியில்லை என்பதால், அங்கே அதே பாட்டுகளை ஐந்து சேனலுக்கு மாற்றி எழுதினார்கள். முதல் கட்டத்தின் பாட்டை இரண்டு வடிவத்திலும் ஹெட்போனில் கேளுங்கள். முதல் தடவை மெட்டை விட்டுவிட்டுப் பேஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை நடுக் குரல்களை. எட்டு குரல்களில் எதைக் காப்பாற்றினார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு ஆவர்த்தனமாகப் பிடிபடும்.