மூன்று பேர் அனுப்பினார்கள், வாய் ஒன்றுதான்

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, புதுக்குடியிருப்பில் இருக்கிறார். சலரோகத்துக்குப் பத்து வருடமாகக் குளிசை எடுக்கிறார். இப்போது வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஒரு மூலிகைப் பொடியின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, குளிசையை விடப்போவதாகச் சொல்கிறார். "எல்லாரும்தானே சொல்லினம்" என்கிறார். சண்டை பிடித்தும் பார்த்தேன், பிடிவாதம்தான் கூடியது. என்ன செய்யலாம்?

பதில்: கிளினிக் டொக்டரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தக் கூடாது. அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதற்குச் சண்டை வேண்டாம்.

அம்மா ஏமாளி இல்லை. 1977இல் அமெரிக்காவில் மாணவர்களுக்கு இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை, முறைக்கு 60 கூற்றுகளைக் கொடுத்து, எது உண்மையாக இருக்கும் என்று கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கூற்றுகளை, பொய்யானவை உட்பட, வரவர அதிகமாக நம்பினார்கள். பழகிய பேச்சு மனதில் தடையில்லாமல் இறங்குகிறது, அந்த இலகுவை உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். சரியான விடை தெரிந்தவர்களும் இதில் சறுக்குவதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. இதையெல்லாம் படிப்பிக்கிற நானும் கடையில் விளம்பரப் பாட்டுத் தெரிந்த சவர்க்காரத்தைத்தான் எடுக்கிறேன்!

ஆனால் அம்மாவின் தலைமுறையிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் வன்னிச் சனம். ஒரே சண்டைக்கு இலங்கை வானொலி ஒரு கணக்குச் சொல்லும், புலிகளின் குரல் வேறு கணக்குச் சொல்லும். இரவில் பிபிசி தமிழோசையையும் கேட்டுவிட்டுத்தான் ஒரு முடிவுக்கு வருவார்கள். யார் எதற்காகச் சொல்கிறார்கள் என்று தெரிந்தே கேட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் அந்தக் காது வேலை செய்வதில்லை, ஏனென்றால் அனுப்புவது மச்சாள், பக்கத்து வீட்டு அக்கா, கோயில் குழு. மூன்று பேர் சொன்னதாகத் தெரிகிறது, வீடியோ ஒன்றுதான். முகநூலோ ஒருமுறை நின்று பார்த்தால் அதே மாதிரி இன்னும் நாலு காட்டும். அம்மா சொல்கிற "எல்லாரும்" இப்படித்தான் உருவாகிறது.

எனவே ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து, போனை அவர் கையிலேயே விட்டு, யார் யார் அனுப்பியது என்று கேளுங்கள். பலதரம் கைமாறி வந்ததற்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடும், அதைக் காட்டுங்கள். முகநூலில் காசு கொடுத்துப் போட்டதற்கு 'ஸ்பொன்சர்ட்' என்று சின்னதாக இருக்கும். "இது தமிழோசையா, அவையின்ர சொந்த றேடியோவா அம்மா?" என்று கேட்டால் போதும். 'பொடி பொய், பொடி பொய்' என்று நீங்களே நாள் முழுக்கச் சொன்னால் பொடியின் பெயர்தான் இன்னும் பதியும்.

அப்புறம், அவர் ஏற்கெனவே இரகசியமாகக் குடிக்கிறாரா என்று இன்றைக்கே விசாரியுங்கள். சலரோக மருந்தையே கலந்து 'மூலிகை' என்று விற்ற பொடிகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. அப்படியொன்றைக் குளிசையோடு சேர்த்து எடுத்தால் சீனி சடாரென்று இறங்கி மயக்கம் வரலாம். வாங்கியிருந்தால், கிளினிக் நாள் வரும்வரை பார்த்திராமல் பக்கற்றோடு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.