யார் யாரைக் கண்டிக்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

நான் டொரண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். என்னுடன் வேலை செய்பவர் லாகூர்க்காரர், நல்ல மனிதர். காசாவுக்காக ஊர்வலம் என்றால் லீவு போட்டுவிட்டுப் போவார். ஆனால் தலிபான்கள் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களைப் பூட்டியதைப் பற்றியோ, எங்காவது குண்டு வெடித்ததைப் பற்றியோ வாய் திறப்பதில்லை. கனடாவின் சுதந்திரத்தை அனுபவிப்பவர்கள், தங்கள் மதத்தின் பெயரால் வெளிநாடுகளில் நடக்கும் அட்டூழியங்களைப் பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டாமா? மௌனத்தைச் சம்மதம் என்றுதானே நாங்கள் எடுத்துக்கொள்வோம்?

ரகு, ஸ்கார்பரோ

அன்புள்ள ரகு,

உங்கள் நண்பர் பிறந்தது லாகூரில். பள்ளிக்கூடத்தைப் பூட்டியவர்கள் காபூலில் இருக்கிறார்கள். நாடு வேறு, மொழி வேறு. அவரைப் பார்த்து நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரே காரணம் அவர் பெயர்தான். 2017 ஜனவரியில் கியூபெக் நகரப் பள்ளிவாசலுக்குத் தொழ வந்த 6 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். 2021 ஜூனில் ஒன்ராறியோவின் லண்டன் நகரில், மாலையில் நடக்கப் போன ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மீது வண்டியை ஏற்றி 4 பேரைக் கொன்றான் இன்னொருவன். மறுநாள் ஆபீஸில் எந்த வெள்ளைக்காரரிடமாவது ‘நீங்கள் இதைக் கண்டித்தீர்களா?’ என்று கேட்டீர்களா? கேட்கத் தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை.

கண்டனத்துக்குப் பஞ்சமும் இல்லை. 2022 டிசம்பரில் தலிபான்கள் பல்கலைக்கழகங்களைப் பெண்களுக்கு மூடியபோது, அது ஷரியத்துக்கே விரோதமானது என்று கெய்ரோவில், புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்விப்பீடமான அல்-அஸ்ஹரின் தலைமை இமாம் சொன்னார். அமெரிக்காவின் கொலராடோவில், ‘உங்கள் ஆட்கள் கண்டிப்பதே இல்லை’ என்று வகுப்பில் ஒருவன் சொன்னதற்காக ஒரு மாணவி உட்கார்ந்து 712 பக்கத்துக்குக் கண்டனங்களைப் பட்டியல் போட்டாள், ஆதாரத்தோடு. அதற்குப் பிறகும் அதே கேள்விதான் வருகிறது.

உங்கள் ஊர்க் கதை ஒன்று. 2013 ஏப்ரலில் நியூயார்க் - டொரண்டோ ரயிலைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாக இரண்டு பேரைப் பிடித்தார்களே, நினைவிருக்கிறதா? அதில் முதல் தகவல் டொரண்டோவின் ஓர் இமாமிடமிருந்து வந்தது, கைதுக்கு ஒரு வருடத்துக்கும் முன்பே. தன் சமூகத்துப் பிள்ளைகளைத் தப்பான வழிக்கு ஒருவன் இழுக்கிறானோ என்ற கவலையில் அவர் வக்கீல் மூலமாகப் போலீஸுக்குச் சொன்னார். மைக்கைப் பிடித்துக் கண்டித்திருந்தால் அந்த ஆள் பள்ளிவாசலை மாற்றிக்கொண்டு போயிருப்பான், அவ்வளவுதான். உள்ளே நம்பிக்கை பெற்றவர் என்பதால்தான் அவர் கண்ணில் பட்டது. ஒவ்வொரு முஸ்லிமையும் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்தால் அடுத்த முறை யார் வந்து சொல்வார்கள்?

சரி, நம் வீட்டுக்கு வருவோம். 1990 ஆகஸ்டில், இலங்கையின் கிழக்கே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அப்போது டொரண்டோவில் இருந்த தமிழர்களில் எத்தனை பேர் பகிரங்கமாகக் கண்டித்தார்கள்? பேசினால் என்ன ஆகும் என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். புலிகளை விமர்சித்து எழுதிவந்த பத்திரிகையாளர் டி.பி.எஸ். ஜெயராஜ் 1993இல் டொரண்டோவிலேயே அடிவாங்கிக் கால் முறிந்து கிடந்தார். ஊரில் அம்மாவும் தம்பியும் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மௌனம் எல்லாருக்கும் சம்மதமாக இருக்கவில்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதே சலுகையை லாகூர்க்காரருக்கும் கொடுங்கள்.

காசாவுக்குப் போகிறவர் ஏன் இதற்குப் போகவில்லை என்கிறீர்கள். ஊர்வலம் போவது ஒட்டாவாவின் கொள்கையை மாற்றச் சொல்லி. தலிபானைக் கனடா 2013லேயே பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்த விஷயத்தில் ஒட்டாவாவிடம் அவர் எதைக் கேட்பது?

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை விட்டுவிட மாட்டேன். ‘உலக முஸ்லிம்களின் சார்பாகப் பேசுகிறேன்’ என்று மேடையேறுகிறவரிடம், அறிக்கை விடும் அமைப்புகளிடம், வெளிநாட்டுக்குப் பணம் திரட்டுகிறவர்களிடம் இந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம். பாலஸ்தீனத்துக்கு நான்கு பக்க அறிக்கை, ஆப்கன் பெண்களுக்கு நான்கு வரிகூட இல்லை என்றால் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவும் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஒரு முகம், வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் இன்னொரு முகம் என்றால் விடவே கூடாது. சார்பாகப் பேசும் உரிமையை எடுத்துக்கொண்டவர்கள் அதன் பொறுப்பையும் சுமக்கட்டும். தமிழ் அமைப்புகளுக்கும் இதுதான் விதி.

யாரும் கேட்காமலேயே தெருவுக்கு வந்தவர்களும் உண்டு. 2022 அக்டோபர் 1 அன்று, டொரண்டோவுக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில்லில் ஈரானியப் பெண்களுக்காக 50,000 பேருக்கு மேல் திரண்டார்கள். அது அவர்கள் விட்டுவிட்டு வந்த நாடு. அங்கே அடிவாங்கிய பெண்களில் அவர்கள் சொந்தக்காரர்களும் இருந்தார்கள்.

உங்கள் நண்பரிடம் பேச வேண்டுமென்றால் தலிபானைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று சாதாரணமாகக் கேளுங்கள், ஹாக்கியைப் பற்றிக் கேட்பதுபோல. திட்டித் தீர்த்தாலும் தீர்ப்பார், ஆதரித்தாலும் ஆதரிப்பார். ஆதரித்தால் சண்டை போடுங்கள். அப்போது நீங்கள் சண்டை போடுவது அவர் சொன்ன கருத்தோடு.