லொறி புரோக்கர் தொழிலுக்கு ஈ.பி.எஃப். காசைக் கொடுக்கலாமா?

அக்கா, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஐம்பது வயது முடிந்து, தோட்ட வேலையை விட்டு எடுத்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை மகன் தொடங்கப்போகும் லொறி புரோக்கர் தொழிலுக்குக் கொடுக்கலாமா? வேண்டாம், இப்போது வேண்டாம். ஆனால் மகன் பார்த்திருக்கிற தொழில் நல்ல தொழில். காசு கொடுக்க மாட்டேன் என்பதும் அந்தத் தொழிலே வேண்டாம் என்பதும் வேறு வேறு பேச்சு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளைக்குக் கோபம்தான் வரும்.

சொந்தமாக ஒரு லொறிகூட இல்லாமல் இதென்ன லொறித் தொழில் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நுவரெலியா, வெலிமடை, கெப்பெட்டிபொல பக்கமிருந்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக லொறிகள் தம்புள்ளைக்கும் பேலியகொடை மெனிங் சந்தைக்கும் போவதைப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்துப் பெக்டரியிலிருந்து தேயிலை கொழும்பு ஏலத்துக்காக அங்குள்ள ஸ்டோர்களுக்குப் போகிறது. கீழே போகும்போது லோட் நிறைய இருக்கிறது. காலையில் சாமானை இறக்கிய பிறகுதான் பிரச்சினை, திரும்பி வரும்போது ஏற்ற ஒன்றும் கிடைக்காவிட்டால் டீசலும் டிரைவர் சம்பளமும் வீண். அதே நேரத்தில் கொழும்பில் யாரோ ஒருவர் ஹட்டனுக்கு மாவும் சீமெந்தும் அனுப்ப லொறி தேடிக்கொண்டிருப்பார். அந்த லொறிக்காரரையும் இந்த ஆளையும் சேர்த்துவைத்து, ஹயர், அதாவது லொறி வாடகை பேசி, சாமான் போய்ச் சேரும்வரை போனில் பின்னாலேயே நின்று, நடுவில் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்வதுதான் மகன் செய்ய நினைக்கிற வேலை. அது இல்லாவிட்டால் லொறி சும்மா வரும், கடைக்காரர் கூடுதல் காசு கொடுப்பார். ஆகவே இது ஏமாற்று வேலை இல்லை, இரண்டு பக்கத்துக்கும் உபயோகமான வேலை.

பிறகு ஏன் காசு கொடுக்க வேண்டாம் என்கிறேன்? இந்தக் கணக்கை மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். ஒரு கம்பனி ஒரு லோட்டுக்கு 60,000 ரூபா தருகிறது என்று வைப்போம். லொறிக்காரருக்கு 52,000 பேசியாயிற்று. மகனுக்கு 8,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பனி பில்லை வாங்கி வைத்துக்கொண்டு 45 நாள் கழித்துத்தான் செக் தரும். லொறிக்காரர் அப்படி இருக்க மாட்டார், டீசலுக்கு இன்றைக்கே ஒரு பங்கு கேட்பார், மிச்சத்தைச் சாமான் இறக்கிய கையோடு கேட்பார், அவருக்கும் லீசிங் கட்ட வேண்டுமே. மாதம் 10 லோட் ஓடினால் 45 நாளுக்குள் 15 லோட். முதல் செக் கைக்கு வருவதற்கு முன்பே 7,80,000 ரூபா மகனுடைய கையிலிருந்து போயிருக்கும். தொழில் நன்றாக ஓட ஓட இந்தத் தொகை கூடும், குறையாது. ஒரே ஒரு லோட்டுக்குக் காசு வராமல் போனால் அந்த 52,000த்தை அடைக்க இன்னும் ஏழு லோட் ஓட்ட வேண்டும். லொறி இல்லாமல் தொழில் செய்யலாம், முதல் இல்லாமல் செய்யலாம் என்று வீடியோவில் சொல்கிறவர்கள் இந்த 45 நாளைப் பற்றிப் பேசுவதே இல்லை. அந்த 45 நாளைத் தாங்கத்தான் உங்கள் ஈ.பி.எஃப். காசு போகும்.

அமெரிக்காவைப் பார்த்துத்தான் மகனுக்கு ஆசை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று அவரிடமே கேளுங்கள். எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பில் பதிந்து, 75,000 டொலருக்குப் பிணை காட்டினால்தான் புரோக்கராக வேலை செய்ய விடுவார்கள். 2013 ஒக்டோபருக்கு முன் அது 10,000 டொலர்தான். புரோக்கர் காசு கொடுக்காமல் விட்டால் லொறிக்காரர் அந்தப் பிணையிலிருந்து கேட்டு வாங்கலாம், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதாவது அடுத்தவர் காசு புரோக்கர் கையில் கொஞ்ச நாள் தங்கும், அதில்தான் ஆபத்து என்று அந்த நாட்டுச் சட்டத்துக்கே தெரியும். நம் ஊரில் அந்தப் பிணையின் இடத்தில் நிற்பது ஒரு அம்மாவின் சேமிப்பு என்றால் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் மகன் முதலில் இரண்டு வருடமாவது வேறு ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யட்டும். உயர்தரத்தில் வணிகப் பிரிவு என்பதால் கணக்கு எழுதத் தெரியும், அது போதும் உள்ளே நுழைய. லொறிக் கம்பனியில் ஹயர் பிரிக்கும் மேசை, பெரிய விநியோகஸ்தரின் ஸ்டோரில் லோட் அனுப்பும் வேலை, கொழும்பில் கப்பல் சரக்கு அனுப்பும் நிறுவனங்கள், சுங்கத்தில் வேலை பார்க்கும் ஏஜண்டின் அலுவலகம், எது கிடைத்தாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள், வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஃபிரைட் ஃபார்வர்டர் வேலையைச் சொந்தமாகச் செய்யப் போனால் வியாபாரப் பெயர் பதிந்தால் மட்டும் போதாது, 1972ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உள்ளூர் லொறிதான் என்றால் பிரதேச செயலகத்தில் பெயர் பதிந்து சின்னதாகத் தொடங்கலாம், ஆனால் அது இரண்டாம் வருடத்துக்குப் பிறகு.

அந்த மேசையில் உட்கார்ந்தால் அவர் என்ன கற்றுக்கொள்வார்? மழைக்காலத்தில் கினிகத்தேனையில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது, லொறி அங்கேயே நிற்கிறது, படங்கு கிழிந்து மாவு மூட்டை நனைந்துவிட்டது, இப்போது நட்டம் யாருக்கு? லொறிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று டிரைவர் சொல்வார். அது லொறிக்கும் ரோட்டில் போகிறவருக்கும். உள்ளே இருக்கும் சாமானுக்கு வேறாகக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் கம்பனி புரோக்கரைத்தான் பிடிக்கும், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த முகம் அவர்தான். ஆகவே புது லொறி ஒன்றை எடுக்கும்போது வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், டிரைவருடைய லைசன்ஸ், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வைக்க வேண்டும். இறக்கிய இடத்தில் டெலிவரி நோட்டில் கையெழுத்தோடு சீலும் வாங்க வேண்டும். சீல் இல்லாத துண்டைக் காட்டினால் கணக்குப் பகுதியில் பில்லை ஒதுக்கி வைத்துவிடுவார்கள், அங்கேயே 45 நாள் 60 நாளாகிவிடும். இதெல்லாம் வேறு ஒருவருடைய காசில் பழகவேண்டிய விஷயங்கள்.

படிக்கவும் வேண்டும் என்றால் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். சரக்கு அனுப்பும் துறையில் ஃபியாட்டா (சரக்கு அனுப்பும் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு) டிப்ளோமாவுக்கு உலக அளவில் மதிப்பு இருக்கிறது, போக்குவரத்துத் துறைக்கான சி.ஐ.எல்.டி. நிறுவனத்தின் படிப்புகளையும் கம்பனிகள் பார்க்கும். வேலை நிச்சயம் என்று சொல்லி முன்கூட்டியே பெரிய தொகை கேட்கிற ஆன்லைன் கோர்ஸ் எதற்கும் ஒரு ரூபாவும் கட்ட வேண்டாம்.

அமெரிக்கப் புரோக்கர் கம்பனிகளுக்காகக் கொழும்பிலிருந்து லொறியைப் பின்தொடரும் வேலைகளும் இருக்கின்றன. அது உண்மையான வேலை, ஆங்கிலம் நன்றாக வளரும். ஆனால் நியூயோர்க்கில் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை, அவர்களுக்குக் குளிர்காலத்தில் ஆறரை. ஆகவே விடிய விடிய வேலை, பகலில் போர்டிங்கில் தூக்கம். உடம்பு தாங்குமா, வீட்டுக்கு எப்போது வரலாம் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்கள் மகனிடம் இருக்கிற ஒன்றைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். எந்தப் பெக்டரி ரோட்டில் இருபதடி லொறி திரும்பும், எந்த வளைவோடு நிறுத்திவிட்டு டிமோ பட்டா என்ற சின்ன லொறியில் மாற்றி ஏற்ற வேண்டும் என்பது கொழும்பு மேசையில் இருப்பவருக்குத் தெரியாது, தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். டிரைவரோடு சிங்களத்தில், பெக்டரி ஆட்களோடும் கடைக்காரரோடும் தமிழில் பேச அவரால் முடியும். மீதி ஆங்கிலம்தான், ஈமெயிலில் ஒரு ஹயரை உறுதிப்படுத்துகிற அளவுக்கு வந்தாலே போதும். நேர்முகப் பரீட்சையில் இதைக் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்தேன் என்பதை மறைக்கவே தேவையில்லை.

காசை நிலையான வைப்பில் உங்கள் பெயரில் போடுங்கள். இரண்டு வருடம் கழித்து மகன் மறுபடியும் கேட்டால், லோட் தர ஒத்துக்கொண்ட இரண்டு கம்பனிகளின் கடிதம், அவர்கள் எத்தனை நாளில் காசு தருவார்கள் என்று எழுத்தில், அவரே சேர்த்த காசு உள்ள பேங்க் புத்தகம், இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றும் இருந்தால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், வைப்பில் எவ்வளவை எடுக்கலாம், எவ்வளவைத் தொடவே கூடாது என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.