ரேஜ் போடும் போர்வீரருக்கு எவ்வளவு பலம், என்ன விலை? (கேள்வி பதில்)

டைஸ் உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், ரேஜ் என்ற ஆவேசத்தில் சண்டையிடும் பார்பேரியன் கிளாஸையும் (கிளாஸ் என்றால் கதாபாத்திர வகை), அதைப் பார்த்து நீங்களே எழுதிய ஹோம்ப்ரூ கிளாஸ்களையும் மேசையில் எப்படிச் சமநிலையில் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் அதன் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளைத்தான் பேசுகிறேன்.

கேள்வி: நான் புது டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). எங்கள் 5ஆம் லெவல் பார்பேரியன் எதற்கும் விழுவதில்லை. எந்த அரக்கன் அடித்தாலும் டேமேஜ் பாதியாகிவிடுகிறது. ரேஜில் இருக்கும் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஒரு லாங் ரெஸ்டுக்கும் (செலவான ரேஜெல்லாம் திரும்பக் கிடைக்கும் நீண்ட ஓய்வு) அடுத்ததற்கும் நடுவே உங்கள் மேசையில் எத்தனை சண்டை நடக்கிறது? 5ஆம் லெவலில் கிடைப்பது மூன்று ரேஜ். நாளுக்கு ஒரே பெரிய சண்டை என்றால், அவர் எப்போதும் ரேஜில்தான் இருப்பார். அப்படி ஆட இந்தக் கிளாஸ் எழுதப்படவில்லை. 2014 டிஎம் வழிகாட்டி ஒரு நாளுக்கு ஆறிலிருந்து எட்டு மோதல்களை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறது. அவ்வளவு யாரும் நடத்துவதில்லை என்பது தெரியும். ஆனால் மூன்று ரேஜுக்கு நான்கு சண்டையாவது இருந்தால்தான் "இப்போது போடலாமா, அடுத்ததற்கு வைத்துக்கொள்ளலாமா" என்ற யோசனை அவருக்கு வரும். கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 16 உள்ள 5ஆம் லெவல் பார்பேரியனுக்குச் சராசரியாக 55 ஹிட் பாயிண்ட் (உயிர் அளவு). ரேஜில் வெட்டு, குத்து, மொத்தல் மூன்றுக்கும் அது 110 போல வேலை செய்யும். ரேஜ் இல்லாத நான்காவது சண்டையில் வெறும் 55தான், அதுவும் கனமான கவசம் இல்லாமல்.

எண்ணில் கை வைக்கும் முன் சண்டைகளை எண்ணுங்கள். இதை இன்று பல முறை சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ரேஜில் +2 டேமேஜ்தான் வருகிறது, ரொம்பக் கம்மி. நான் +5 ஆக்கிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், இந்தக் கிளாஸின் உயிரே இதில்தான் இருக்கிறது.

5ஆம் லெவல், ஸ்ட்ரெங்த் 18, கையில் கிரேட்ஸ்வோர்ட் என்ற பெரிய வாள், எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி விழ எட்ட வேண்டிய எண்) 15 என்று வைத்துக்கொள்வோம். 20 பக்க டைஸில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும், அதாவது 65 சதவீத வாய்ப்பு. ரேஜும் இல்லை, ரெக்லஸ் அட்டாக்கும் (தற்காப்பை மறந்து அடிப்பது) இல்லை என்றால் ஒரு ரவுண்டுக்கு இரண்டு அடியும் சேர்த்துச் சராசரி 15 டேமேஜ். ரேஜ் மட்டும் போட்டால் 17.6. ரேஜோடு ரெக்லஸும் சேர்ந்தால் 24.2. டேமேஜை ஏற்றுவது பெரும்பாலும் ரெக்லஸ்தான். அட்வாண்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுப்பது) வந்ததும் 65 சதவீதம் ஏறக்குறைய 88 ஆகிறது, கிரிட்டிக்கல் (டைஸில் 20 வந்து டேமேஜ் டைஸ் இரட்டிப்பாகும் அடி) வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 9.75க்குப் போகிறது.

அப்படியானால் ரேஜ் எதற்கு? ரெக்லஸுக்கு விலை கொடுக்க. ரெக்லஸ் அடித்தால் உங்களை அடிப்பவர்களுக்கும் அட்வாண்டேஜ். 50 சதவீதம் அடிக்கும் எதிரி இப்போது 75 சதவீதம் அடிப்பான், வாங்கும் அடி ஒன்றரை மடங்காகும். ரேஜ் அதைப் பாதியாக்குகிறது. ஒன்றரையில் பாதி முக்கால். இரண்டையும் சேர்த்துப் போட்டவர் எதுவும் போடாமல் நிற்பவரைவிடக் குறைவாகவே காயப்படுகிறார். ரேஜ் தீர்ந்த பிறகு ரெக்லஸ் அடித்தால் அந்த ஒன்றரை மடங்கும் முழுசாக உடம்பில் இறங்கும். எவ்வளவு அழகாகக் கோத்திருக்கிறார்கள் பாருங்கள்! ஒவ்வொரு ரவுண்டிலும் விளையாடுபவர் தானாக ஒரு ஆபத்தைத் தேர்ந்தெடுக்கிறார், அதன் பலனும் அடுத்த அடியிலேயே தெரிந்துவிடுகிறது.

+5 கொடுத்தால் ரெக்லஸ் இல்லாமலே 21.5 வந்துவிடும். அப்புறம் எதற்காக அவர் ஆபத்தை எடுக்க வேண்டும்? +2ஐயே வையுங்கள். 9ஆம் லெவலில் அது தானாக +3 ஆகும், 16இல் +4.

கேள்வி: கிரேட்ஆக்ஸா, கிரேட்ஸ்வோர்டா?

சராசரியில் வாள் 7, கோடாரி 6.5. 9ஆம் லெவலில் ப்ரூடல் கிரிட்டிக்கல் வந்த பிறகு, கிரிட்டிக்கலில் சேரும் கூடுதல் டைஸ் கோடாரிக்கு 12 பக்க டைஸாக இருப்பதால் அந்த இடைவெளி கொஞ்சம் குறையும். பிடித்ததை எடுங்கள்.

கேள்வி: நான் எழுதும் கிளாஸில், அடி வாங்க வாங்க ரேஜ் பாயிண்ட் ஏறும், அதைச் செலவழித்துப் பெரிய அடி கொடுக்கலாம். சோதித்தபோது ஒருவர் சண்டைக்கு முன்னால் நண்பனை விட்டுத் தன்னை அடிக்கச் சொன்னார். எப்படித் தடுப்பது?

நல்ல யோசனை. ஓட்டைகளை மட்டும் அடைக்க வேண்டும். உங்களை வீழ்த்த நினைக்கும் எதிரியிடமிருந்து வரும் அடிக்கு மட்டுமே பாயிண்ட் என்று எழுதுங்கள். நண்பன் அடித்ததும், பையில் பிடித்து வைத்த எலி கடித்ததும் கணக்கில் வராது. ஒரு ரவுண்டுக்கு ஒரு பாயிண்ட்தான் என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் எட்டு கோப்ளின்கள் சூழ்ந்தால் ஒரே ரவுண்டில் எட்டு பாயிண்ட் சேர்ந்துவிடும். சண்டை முடிந்ததும் எல்லாம் பூஜ்ஜியம்.

இதைவிட முக்கியமான சிக்கல் முதல் ரவுண்டு. பாயிண்ட் பூஜ்ஜியத்தில் தொடங்கினால், அவருடைய கிளாஸ் உயிர் பெறும்போது சண்டை முடியப் போகிறது. நிறைய சண்டைகள் மூன்று நான்கு ரவுண்டில் ஓய்ந்துவிடும். ரேஜ் போட்டதுமே இரண்டு பாயிண்ட் கையில் கொடுங்கள். எண்ணிக்கைக்கு ஒரு 6 பக்க டைஸை அவர் முன்னால் வைத்துத் திருப்பச் சொல்லுங்கள், காகிதத்தில் அடித்து அடித்து எழுத வேண்டாம்.

கேள்வி: பார்பேரியன் விழவே மாட்டேன் என்கிறான். எல்லா அரக்கர்களுக்கும் நெருப்பு டேமேஜ் சேர்த்துவிடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். சண்டைகளை எண்ணுங்கள். ஒரு எதிரிக்கு நெருப்பு இருப்பது சுவை. எல்லாருக்கும் இருந்தால் அவருடைய திறமையை மறைமுகமாகப் பிடுங்கியதாகிவிடும், அவருக்கும் அது புரியும்.

கேள்வி: பெர்செர்க்கர் என்ற பார்பேரியன் உட்பிரிவின் ஃபிரென்ஸியை (ரேஜில் கூடுதல் அடி தரும் திறமை) யாரும் பயன்படுத்துவதில்லையே, ஏன்?

விலை தவறான இடத்தில் இருக்கிறது. 2014 விதியில் ஃபிரென்ஸி முடிந்ததும் ஒரு நிலை எக்ஸாஸ்ஷன் (களைப்பு). மூன்று நிலை சேர்ந்தால் எல்லா அடியிலும் சேவிலும் (ஆபத்தைத் தவிர்க்க உருட்டுவது) டிஸ்அட்வாண்டேஜ் (இரண்டு டைஸில் சிறியதை எடுப்பது), ஆறு சேர்ந்தால் மரணம். ஒரு லாங் ரெஸ்ட் ஒரு நிலையைத்தான் நீக்கும். சண்டையில் கிடைத்த இன்பத்துக்கு நாளை மறுநாள் வரை அபராதம் கட்டினால், மனிதர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். 2024 பதிப்பில் அந்த எக்ஸாஸ்ஷனை எடுத்துவிட்டார்கள். ரேஜில் ரெக்லஸ் அடித்தால் முதல் அடிக்குக் கூடுதல் 6 பக்க டைஸ்கள், ரேஜ் போனஸ் எவ்வளவோ அத்தனை. விலை ரெக்லஸுக்குள்ளேயே வந்துவிட்டது. 2014இல் ஆடினாலும் இந்த விதியைக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளுங்கள்.

2003இல் வந்த 3.5 பதிப்பிலும் இதே நோய் இருந்தது. ரேஜில் கான்ஸ்டிட்யூஷன் 4 ஏறும், அதனால் ஹிட் பாயிண்டும் ஏறும். ரேஜ் இறங்கும்போது அது போய்விடும். ஜெயித்து நின்றவர் கோபம் தணிந்ததும் சுருண்டு விழுவார்.

கேள்வி: ரேஜ் என்றால் கட்டுப்பாடு போக வேண்டும். ஒவ்வொரு ரவுண்டும் விஸ்டம் சேவ் போட்டு, தோற்றால் பக்கத்தில் இருப்பவரை, நண்பனாக இருந்தாலும், அடிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். இதுதானே சரியான விலை?

இல்லை. இந்த விதியை எழுதாதீர்கள். இந்த விலையைக் கட்டுவது பார்பேரியன் அல்ல, பக்கத்தில் நிற்கும் கிளெரிக் (பூசாரி வகை). அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

அதே வாசகர்: கட்டுப்பாடு போகாவிட்டால் அது வெறும் பாதுகாப்பு மந்திரம். கதையில் எங்கே கோபம்?

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் இதை முன்பே முயன்று பார்த்திருக்கிறார்கள். 3.5இல் ஃபிரென்ஸீட் பெர்செர்க்கர் என்று ஒரு பிரெஸ்டீஜ் கிளாஸ் (பிறகு சேரக்கூடிய சிறப்பு வகை). எதிரிகள் தீர்ந்ததும், மன உறுதிக்கான வில் சேவில் 20 எடுத்து ஆவேசத்தை அடக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரை, அது நண்பனே ஆனாலும், வெட்ட வேண்டும். அப்படி ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்கள் சண்டை முடியும் நேரத்தில் எதிரியை விட்டுவிட்டு நண்பனிடமிருந்து தப்பிக்கத்தான் திட்டம் போடுவார்கள். அந்தக் கதையில் கோபம் இருக்கும், நம்பிக்கை இருக்காது.

இன்னொருவர்: எங்கள் மேசையில் அப்படி ஆடினோம், எல்லாருக்கும் பிடித்திருந்தது.

எல்லாரிடமும் முன்கூட்டிக் கேட்டு, எல்லாரும் சரி என்றிருந்தால் தாராளமாக ஆடுங்கள். என் எதிர்ப்பு, டைஸ் ஒருவருடைய கதாபாத்திரத்தைப் பறித்து இன்னொருவர் மீது ஏவுவதற்குத்தான்.

முதலில் கேட்டவர்: அப்படியானால் கோபத்தைக் காட்ட வேறு வழி சொல்லுங்கள்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். அங்கே ரேஜில் இருப்பவர், ரேஜுக்கென்றே உள்ளவையும் தேடும் செயலும் தவிர, மனதை ஒருமுகப்படுத்த வேண்டிய செயல் எதையும் செய்ய முடியாது. யாரையும் அடி என்று விதி கட்டாயப்படுத்தவில்லை, நிதானம் வேண்டிய கதவுகளை மட்டும் மூடுகிறது. உங்கள் மேசையில் இப்படி வைக்கலாம்: ரேஜில் ஒளிய முடியாது, டிஸ்என்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது) செய்ய முடியாது, எதிரி கண்ணில் படும்போது அவனிடமிருந்து விலகி நடந்தால் ரேஜ் முடிந்துவிடும். விழுந்து கிடக்கும் நண்பனை நோக்கி ஓடுவதா, கோபத்தைக் காப்பாற்றுவதா என்று விளையாடுபவரே முடிவெடுக்கட்டும். நீங்கள் தேடும் கதை அந்த இடத்தில் கிடைக்கும். இது ஒரு உண்மையான குறை என்பதால், ஈடாக முதல் லெவலில் ஒரு ரேஜ் கூடக் கொடுங்கள்.

மூன்றாமவர்: ஆனால் மனம் மயக்கும் மந்திரத்தில் நண்பனை அடிப்பது விதியிலேயே இருக்கிறதே?

அது எதிரி செய்வது. ஒரு சேவ், ஒரு எதிரி, அந்தச் சண்டையோடு முடிந்தது. தன் கிளாஸின் முக்கியத் திறமையைத் தொடும் ஒவ்வொரு முறையும் நண்பனைக் கொல்லும் வாய்ப்பு என்பது வேறு. இந்த வாதத்தை இதோடு விடுகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: கரடி டோட்டம் (பார்பேரியனின் இன்னொரு உட்பிரிவில் வரும் தேர்வு) எடுத்தவருக்கு ரேஜில் சைக்கிக் (மனத் தாக்குதல்) தவிர எல்லா டேமேஜும் பாதி. இதுவும் சமநிலையா?

3ஆம் லெவலுக்கு இது அதிகம்தான். 2024இல் ஃபோர்ஸ், நெக்ராடிக், ரேடியன்ட் என்ற மூன்று டேமேஜ் வகைகளையும் விலக்கில் சேர்த்தார்கள், நல்ல திருத்தம். 2014இல் ஆடினாலும் வேறு கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. 2014 விதியில், ஒரு முழுச் சுற்றில் அவர் எதிரியைத் தாக்காமலும் டேமேஜ் வாங்காமலும் இருந்தால் ரேஜ் முடிந்துவிடும். பறக்கும் எதிரி, பின்வாங்கிக்கொண்டே போகும் எதிரி, நடுவில் ஒரு பள்ளம், எல்லாம் வேலை செய்யும். விஸ்டம் சேவ் அவருடைய பலவீனம். ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் உடலைக் கட்டிப்போடும் மந்திரத்தை வீசாதீர்கள். முழு மாலையும் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் சமநிலை இல்லை.

கேள்வி: பார்பேரியன் மினியேச்சருக்கு எந்த பெயிண்ட் நல்லது?

எனக்கு அதில் பழக்கமில்லை. மினியேச்சர் வரைபவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, ரேஜில் ஆர்மர் கிளாஸைக் குறைத்தால் அவன் சீக்கிரம் விழுவானா?

ரெக்லஸ் அதைத்தான் செய்கிறது. சண்டைகளை எண்ணுங்கள்.

கேள்வி: எண்ணிவிட்டேன். ஒன்றுதான். ஒரு அமர்வுக்கு மூன்று மணி நேரம், அதற்கு மேல் சண்டை வைக்க நேரமில்லை. என்ன செய்ய?

இப்படிக் கேட்டதற்கு நன்றி. அமர்வு முடிந்தால் லாங் ரெஸ்ட் என்று எந்த விதியும் இல்லை. ஒரு கதை நாளை இரண்டு மூன்று அமர்வுகளுக்கு நீட்டுங்கள், மிச்ச ரேஜைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் டிஎம் வழிகாட்டியில் ஒரு மாற்று விதி இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். இன்னொரு வழி, ஒரே சண்டையை அலைகளாகப் பிரிப்பது. ரேஜ் ஒரு நிமிடம்தான், அதாவது பத்து ரவுண்டு. முதல் அலை ஓய்ந்து ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது அலை கதவை உடைத்தால், அவர் இன்னொரு ரேஜ் செலவழிக்க வேண்டும்.

ஒன்றையும் கவனியுங்கள். ஒரே சண்டை என்றால் மந்திரவாதியும் தன் பெரிய மந்திரங்களை எல்லாம் அங்கேயே கொட்டுவார். பார்பேரியன் மட்டும் கண்ணை உறுத்துவது அவர் எதிரில் நின்று அடி வாங்குவதால்தான்.

கேள்வி: 20ஆம் லெவலில் ரேஜுக்கு எண்ணிக்கையே இல்லையே, அதை என்ன செய்வது?

அப்படியே விடுங்கள். மந்திரவாதி கையில் 17ஆம் லெவலிலிருந்தே ஒன்பதாம் நிலை மந்திரம் இருக்கிறது.