இரவு பத்தரை மணிப் பசி

அன்புள்ள அக்கா,

ஆறேழு வருடமாக உங்களை வாசிக்கிறேன், எழுதியதில்லை. இப்போது எழுதுவதும் உங்கள் கதைகளைப் பற்றி இல்லை. மன்னிக்கவும்.

எனக்கு 41 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை. நாலே முக்காலுக்கு எழுந்தால்தான் ஏழே கால் வேனைப் பிடிக்க முடியும். காலையில் பசியே இருக்காது, ஒரு காபியோடு சரி. போன வருடம் ஒரு யூடியூப் வீடியோவில் காலைச் சாப்பாட்டை விட்டால் எடை குறையும் என்றார்கள். அதையே முறையாக வைத்துக்கொண்டேன். மதியம் சின்ன டப்பாவில் ஒரு கரண்டி சோறு, மீதி காய். ராத்திரி எட்டரைக்கு இரண்டு சப்பாத்தி. சாயங்காலம் பிள்ளைகளுக்கு பஜ்ஜி போட்டுக் கொடுத்தால்கூட ஒன்றை வாயில் வைக்க மாட்டேன்.

ஆனால் பத்தரை மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு வேறு ஆளாகிவிடுகிறேன். வீணாகப் போகுமே என்று மிச்சச் சோற்றில் தயிரைப் போட்டு ஆரம்பிப்பேன். பிறகு மிக்ஸர், பிள்ளைகளின் பிஸ்கட், கடைசியில் சர்க்கரை. விளக்குப் போடுவதில்லை. டப்பா மூடியைச் சத்தம் வராமல் திறக்கப் பழகிவிட்டேன். வயிறு வலித்தால்தான் நிறுத்துவேன். அப்புறம் அழுகை. எட்டு மாதமாக, வாரத்தில் நாலு நாளாவது இப்படித்தான்.

போன வாரம் என் 13 வயது மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

"வாயைக் கட்டத் தெரியலையா" என்கிறார் கணவர். அடுக்களையைப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். சரியாக இருக்குமா அக்கா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

பூட்டு வேண்டாம். மற்றதைப் பிறகு பேசுவோம், அந்த யோசனையை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். சாவி யாரிடம் இருந்தாலும் பசி உங்களிடம்தான் இருக்கும்.

மூடியைச் சத்தம் வராமல் திறப்பதாக எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். எனக்கும் அது தெரியும். எவர்சில்வர் டப்பாவை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் மூடியின் விளிம்பை ஒரே பக்கமாக நெம்ப வேண்டும். மூடி விடுபடும் நேரத்தில் லேசாக இருமிக்கொள்ள வேண்டும். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த இரண்டு வருடமும் நான் அவல் டப்பாவை அப்படித்தான் திறந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து, நின்றபடியே, ஊறவைக்காத அவலைச் சர்க்கரையோடு அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வேன். கையைப் புடவையில் துடைக்கும்போதுதான் எவ்வளவு தின்றோம் என்பதே உறைக்கும். ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகரிடம் போய்ச் சொன்னேன். அச்சடித்த தாள் ஒன்றை நீட்டி, "மனசு வைக்கணும்மா" என்றார். மனசு வைத்ததால்தானே இரண்டு பஸ் மாறி அவரிடம் போனேன்! அன்று பட்ட வலி இன்னும் ஆறவில்லை. அந்த வார்த்தையை நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை.

நீங்கள் இரவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் பகல்தான் கண்ணில் பட்டது. விடிவதற்கு முன் எழுந்து, சமைத்து, நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்திவிட்டு வரும் உடம்புக்கு நீங்கள் கொடுப்பது ஒரு காபி, ஒரு கரண்டி சோறு, இரண்டு சப்பாத்தி. இதையா கட்டுப்பாடு என்கிறீர்கள்? பகலெல்லாம் வயிற்றிடம் கடன் வாங்குகிறீர்கள். ஊர் அடங்கியதும் அது வசூலுக்கு வருகிறது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிய வேண்டியிருந்தது. ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலிலும் மனதிலும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினி. வாரம் 35 கிலோமீட்டர் நடையும் உண்டு. கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்து வாசித்தார்கள். வெளியே போனால் தின்றுவிடுவார்கள் என்பதால் தனியாகப் போகக்கூடாது என்று விதி வந்தது. சோதனை முடிந்து வேண்டியதைச் சாப்பிடலாம் என்றபோது, வயிறு முட்டத் தின்ற பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள். அந்த அரைப்பட்டினியின் அளவு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1570 கலோரி. இன்றைக்கு நம் வீட்டுப் பெண்களின் கைபேசியில் வரும் டயட் அட்டவணைகள் 1200 என்கின்றன. போருக்கே போக மாட்டேன் என்று நின்ற மனஉறுதி உள்ளவர்களை அது அப்படி ஆக்கியது என்றால், பத்தரை மணிக்குச் சர்க்கரை டப்பா முன்னால் நிற்கும் உங்களை நீங்கள் எதற்காகத் திட்டிக்கொள்ள வேண்டும்?

நம் ஊரில் ஒரு தாயைப் புகழ வேண்டுமானால் "வயித்தக் கட்டி வாயக் கட்டி வளர்த்தா" என்போம். என் அம்மாவையும் அப்படித்தான் புகழ்ந்தார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியை வழித்து, அடுப்பு மேடை ஓரமாக நின்று சாப்பிடுவாள். அவள் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டது கல்யாண வீடுகளில் மட்டும்தான். இந்தப் புகழ்ச்சி எனக்கு இப்போது கசக்கிறது. உங்கள் கணவர் அதே சொல்லை வைத்தே உங்களை வைகிறார், பாருங்கள். கட்டினால் தியாகி, கட்டு அவிழ்ந்தால் தீனிக்காரி. வாயைக் கட்டுவதிலிருந்துதான் இது எல்லாமே ஆரம்பித்தது என்று அவரிடம் சொல்லுங்கள். இந்தப் பதிலை அவரிடம் வாசிக்கக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதமே.

காலையில் பசியே இல்லை என்கிறீர்கள். முதல் நாள் நள்ளிரவு வரை சாப்பிட்டிருந்தால் எப்படிப் பசிக்கும்? அது போக, உடம்புக்கென்றே ஒரு கடிகாரமும் இருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில், நேரமே தெரியாமல் 12 பேரை 13 நாள் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. தூக்கமும் சாப்பாடும் எப்படி மாறினாலும், அவர்களின் உள்கடிகாரப்படி பசி காலை எட்டு மணி வாக்கில் மிகக் குறைவாகவும் இரவு எட்டு மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. காலையில் பசி பேசாது, இரவில் கத்தும். பேசாத நேரத்திலேயே கொஞ்சம் கொடுத்துவிட்டால் கத்தல் குறையும். தூக்கமும் இதில் சேர்த்திதான். படுக்கையில் நாலு மணி நேரம் மட்டும் இருக்கவிட்டால், இரண்டே இரவில், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு 28 விழுக்காடு கூடியதாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் கண்டார்கள். அழுதுவிட்டு நீங்கள் படுக்கும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும், நாலே முக்காலுக்கு அலாரம். மறுநாள் பசிக்கு அங்கேயே விதை போட்டாயிற்று.

சரி, என்னதான் செய்வது?

சாதத்திலிருந்தே தொடங்குங்கள். எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்ததும், பத்தரை வரை காத்திருக்காமல், மிச்சச் சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடிவிடுங்கள். நம் பாட்டிகள் நித்தமும் செய்ததுதான். தண்ணீர் ஊற்றிய சோறு வீணாகாது, அது நாளைக்கான சாப்பாடு. "வீணாப் போயிடுமே" என்று கை அதைத் தேடிப் போகாது. விடிந்தால் நாலு சின்ன வெங்காயம், கொஞ்சம் மோர், ஒரு கல் உப்பு. பிசைந்து சாப்பிட ஐந்து நிமிடம்கூட ஆகாது. வேன் வருவதற்குள் முடித்துவிடலாம். முதல் வாரம் நாலு கவளம்தான் இறங்கும். போதும்.

பதினொரு மணி இடைவேளைக்கு வேர்க்கடலையோ வாழைப்பழமோ பையில் இருக்கட்டும். மதியத்துக்குப் பெரிய டப்பா, அதில் சோறு சோறாகவே இருக்கட்டும், பருப்போ முட்டையோ கூட. சாயங்காலம் பஜ்ஜி போட்டால் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் இரண்டு சாப்பிடுங்கள். மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயவிடக் கூடாது. கட்டுமீறிச் சாப்பிடும் சிக்கலோடு வருபவர்களுக்கு உளவியல் சிகிச்சையில் முதலில் சொல்லித்தருவதே இந்த நேரம் தவறாத சாப்பாட்டைத்தான். முக்கியமாக, ராத்திரி அளவு மீறிய மறுநாள் பட்டினி போடாதீர்கள். அந்தப் பட்டினிதான் அடுத்த ராத்திரியை அழைத்து வருகிறது.

என்னை மாற்றியதும் ஒரு மதியச் சாப்பாடுதான். அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பகலில் ஓர் அம்மா வந்தார்கள். வந்த மூன்றாம் நாள் ஒரு மணிக்குத் தட்டில் சோறு போட்டு, கூடத்தில் மணைப்பலகையைப் போட்டு, "மொதல்ல நீ உக்காரு தாயி, அப்பாரு எங்கயும் போயிட மாட்டாரு" என்றார்கள். நான் எழுந்திருக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வாரம் போனபோது, ஓர் இரவு அவல் டப்பா நினைவே வராமல் நான் படுத்திருந்தது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அதோடு முடிந்துவிடவில்லை. அப்பா போன பிறகு பல மாதம் அது திரும்பித் திரும்பி வந்தது. ஆனால் எதனால் வருகிறது என்பது தெரிந்திருந்தது.

பகலில் ஒழுங்காகச் சாப்பிட்டும் பத்தரைக்குக் கை பரபரக்கலாம். அப்போது விளக்கைப் போடுங்கள். ஓர் ஆறின இட்லி இருந்தால் சாப்பிடுவேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி. தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. இட்லி வேண்டாம், மிக்ஸர்தான் வேண்டும் என்றால், மிக்ஸரையும் ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்துவிடுங்கள். கொஞ்சம் பொறுக்க முடிந்தால் இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஆசை ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். பசி அப்படி இறங்காது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாள் முழுவதிலும் யாரும் "அம்மா", "மிஸ்" என்று கூப்பிடாத நேரம் அந்தப் பத்தரை மணி ஒன்றுதானா? எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்த அரை மணி நேரம் எனக்கே எனக்கென்று இருந்தது, அதில் செய்ய எனக்குத் தெரிந்திருந்தது தின்பது மட்டும்தான். உங்களுக்கும் அப்படியென்றால், சாயங்காலத்தில் ஒரு அரை மணி நேரத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள். பாத்திரத்தை வேறு யாராவது தேய்க்கட்டும்.

மருத்துவரைப் பாருங்கள் என்றும் சொல்லத்தான் வேண்டும். காலையில் பசியின்மை, இரவில் பெருந்தீனி, தூக்கமின்மை மூன்றும் சேர்ந்து வருவதை 1955இலேயே ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவர் ஒரு நோய்க்கூறாக எழுதிவைத்தார். நிறுத்த முடியாமல், வேகவேகமாக, வெட்கத்தால் ஒளிந்து சாப்பிடுவதும், வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால், 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது. உங்களுடையது எது என்று நான் சொல்லக்கூடாது, ஆனால் எட்டு மாதம் என்பது தனியாகச் சமாளிக்கிற கணக்கு இல்லை. வெளியே போய்ச் சொல்லத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இரவில் வேர்த்து, நடுங்கி, அகோரமாகப் பசித்தால் அது ரத்தச் சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும், மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேச வேண்டும். அவர்கள் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

கடைசியாக உங்கள் மகள். அவள் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் மறந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். 13 வயதுப் பெண் அம்மாவின் தட்டைப் பார்த்துத்தான் தன் தட்டை வைத்துக்கொள்கிறாள். பகலில் நீங்கள் பஜ்ஜியைத் தள்ளிவைப்பதையும் பார்த்திருப்பாள், இரவில் டப்பாவை மறைத்ததையும் பார்த்துவிட்டாள். இதைப் பெரிய பேச்சாக ஆக்க வேண்டாம். தலை பின்னும்போதோ துணி மடிக்கும்போதோ சொல்லுங்கள்: "அன்னிக்கு ராத்திரி எனக்கு ரொம்பப் பசிச்சுது கண்ணு. பகல்ல சரியா சாப்பிடலை. வெக்கப்பட்டு ஒளிச்சுட்டேன், ஒளிச்சிருக்க வேண்டாம்." அவள் "ம்" என்பாள், அவ்வளவுதான் சொல்வாள். அடுத்த முறை தண்ணீர் குடிக்க வரும்போது விளக்கு எரியட்டும். உங்கள் பக்கத்தில் இன்னொரு கிண்ணமும் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா