அதிகார வரம்பு இல்லையென்று போன வழக்குகள்: கேள்வி பதில்

‘இதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை’ என்ற காரணத்தால், வக்கீல் வைக்காமல் தாமே வாதாடித் தோற்றவர்கள் கேட்டவை.

கேள்வி: வீட்டுக் கடனுக்காக வங்கி சுவரில் ஏல நோட்டீஸ் ஒட்டியது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்டேன். ஒரு சாட்சியைக்கூட விசாரிக்காமல் பிராதை (வழக்கு மனுவை) நிராகரித்துவிட்டார்கள். இது நியாயமா?

பதில்: நியாயத்தைப் பிறகு பேசுவோம், நாள் ஓடுகிறது. இது வங்கிகள் அடமானச் சொத்தை எடுத்துக் கடனை வசூலிக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி எடுத்த நடவடிக்கை. அதன் 34ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் வாசலை அடைத்துவிட்டது. உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் நீதிபதி அதற்குள் நுழைய முடியாது. கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். 17ஆம் பிரிவு தரும் அவகாசம் 45 நாட்கள். ‘மோசடி’ என்று பிராதில் ஒரு வரி சேர்த்தால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கவே இல்லை. அதிகாரம் இல்லை என்பதை நீதிபதியே எப்படிக் கிளப்பலாம்?

பதில்: கிளப்பித்தான் ஆக வேண்டும். சட்டம் தடுத்த விஷயத்தில் இருதரப்பும் கைகுலுக்கினாலும் அதிகாரம் வராது. அப்படிப் பெற்ற தீர்ப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கிரண் சிங் வழக்கில் 1954லேயே சொல்லிவிட்டது. ‘இந்த ஊர் நீதிமன்றம் இதை விசாரிக்க முடியாது’ என்ற ஊர் எல்லை பற்றிய ஆட்சேபம் வேறு. எழுவினாக்கள் (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனைவதற்கு முன் எதிராளி அதைச் சொல்லாவிட்டால், மேல்முறையீட்டில் கிளப்ப உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பெரும்பாலும் இடம் தராது.

அதே வாசகர்: அப்படியானால் சம்மதத்தால் அதிகாரம் வருகிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்!

பதில்: இல்லை ஐயா. அங்கே எதிராளி இழப்பது ஆட்சேபிக்கும் உரிமையை. உங்கள் வழக்கைத் தடுத்தது ஊர் எல்லை அல்ல, சட்டம். இரண்டையும் குழப்பித்தான் பலர் வருடங்களைத் தொலைக்கிறார்கள்.

கேள்வி: பிராதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கட்டணமும் காலமும் போயிற்றா?

பதில்: இது அதே நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7, விதி 10. சரியான நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, கட்டிய கட்டணத்தைச் சரிக்கட்டக் கேளுங்கள். நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்தியிருந்தால் காலவரம்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அந்த நாட்களைக் கழித்துத் தரும். ஆனால் வழக்கு முதலிலிருந்து தொடங்கும். பழைய சாட்சியம் தானாக அங்கே வந்துவிடாது.

கேள்வி: அப்பீல் போகலாமா?

பதில்: உத்தரவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். பிராது ‘திருப்பப்பட்டது’ என்றால் அதே நடைமுறைச் சட்டத்தின் ஆணை 43இன்படி அப்பீல். ‘நிராகரிக்கப்பட்டது’ என்றால் அது தீர்ப்பாணைக்குச் சமம், அதன் 96ஆம் பிரிவின்படி அப்பீல்.

கேள்வி: என் வழக்கும் தள்ளுபடி. என்ன செய்வது?

பதில்: எந்த நீதிமன்றம், எந்தச் சட்டம், எந்தத் தேதி? ஒன்றுமே இல்லாமல் என்ன சொல்ல?

கேள்வி: வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. நான் பெண்.

பதில்: மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள் அம்மா. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். உத்தரவின் நகலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.