சூடுபண்ணினால் சரியாகிவிடுமா?

கேள்வி: ராத்திரி மிஞ்சிய ஃபிரைடு ரைஸ் அடுப்பு மேலேயே விடியும்வரை இருந்துவிட்டது. கெட்ட வாடை எதுவும் இல்லை. ஆவி பறக்கச் சூடுபண்ணிச் சாப்பிடலாம்தானே?

பதில்: வேண்டாம், கொட்டிவிடுங்கள். கை வராது, எனக்கும் அப்படித்தான். ஆனால் அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இருக்கலாம், அதன் வித்துகள் கொதிநிலையைக்கூடத் தாங்கிக்கொள்ளும், சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு ஒருமுறை உருவாகிவிட்டால் எவ்வளவு சூடுபண்ணினாலும் போகாது. மூக்கை நம்பவும் முடியாது, ஏனென்றால் வாடை மாறாமலேயே வாந்தி எடுக்கவைக்கும் அளவுக்கு அது சேர்ந்திருக்கலாம்.

சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், வெக்கையான நாளில் 1 மணி நேரத்துக்குள். நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்துதான் நாம் பெரும்பாலும் மறந்துபோகிறோம். பெரிய பாத்திரத்தோடு அப்படியே உள்ளே தள்ளினாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், அதனால் அகலமான டப்பாக்களில் 2 அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்துப் போடுங்கள், சீக்கிரம் ஆறிவிடும். ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். சோற்றை மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது.

அப்புறம், வேண்டிய அளவை மட்டும் எடுத்து ஒரே ஒரு தடவை சூடுபண்ணுங்கள். மைக்ரோவேவில் ஓரம் கொதித்துக்கொண்டிருக்கும், நடுவில் கரண்டியை விட்டால் ஜில்லென்று இருக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, நடுவில் குழி விட்டுப் பரப்பி, லேசாக மூடிவையுங்கள். பாதியில் ஒரு கிளறு, முடிந்தபின் 2 நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே 74 டிகிரி வரவேண்டும்.

கேள்வி: பால் அடிப்பிடித்த ஸ்டீல் பாத்திரம். தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது.

பதில்: தேய்க்கவே வேண்டாம். கருகிய இடம் முங்கும் அளவு தண்ணீர், 2 ஸ்பூன் சமையல் சோடா, 10 நிமிடம் கொதி, அடுப்பை அணைத்து ஆறும்வரை விடுங்கள். மரக்கரண்டியால் சுரண்டினால் கருகல் ஏடுஏடாக உரிந்து வரும். சோடாவோடு வினிகரையும் ஊற்றுகிறார்கள், நுரை பொங்குவதைப் பார்த்தால் வேலை நடப்பதுபோல் இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் இந்த வழி வேண்டாம், கறுத்துப்போகும்.

கேள்வி: குளியலறைக் கறைக்கு பிளீச்சும் ஆசிட்டும் கலந்து ஊற்றினால் சீக்கிரம் போகுமா?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்திய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகர் சேர்ந்தாலும் அதே கதைதான், அமோனியா கலந்த கிளீனரும் ஆகாது. ஒருநாள் ஒன்று போதும், அதையும் நன்றாகக் கழுவிவிட்ட பிறகே அடுத்தது. ஏற்கெனவே கலந்துவிட்டு நெடி ஏறினால், கழுவிவிடலாம் என்று அங்கே நிற்காதீர்கள், உடனே வெளியே வந்து காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள், மூச்சு திணறினால் மருத்துவரிடம் ஓடுங்கள்.